சிவப்புக் கோடு வரைக்கும் தண்ணீர்

எங்கள் வீட்டுக் கழிவுக் குழாயிலிருந்து நல்ல தண்ணீர் தெருவில் ஓடுகிறது என்று எதிர்வீட்டுச் சாயோ அக்கா வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூலைக் கோழிக்கடையில் ஓடினால் நம்பலாம். வெள்ளிக்கிழமைதோறும் கார் கழுவும் அந்தத் தடியன் வீட்டில் ஓடினால் நம்பலாம். எங்கள் வீட்டிலா? முகம் கழுவிய தண்ணீருக்குக்கூட அடுத்த வேலை என்னவென்று முடிவு செய்துவைத்திருந்த வீடு இது. “போங்கக்கா, காலங்காத்தால வெளையாடாதீங்க” என்றேன். அவள் சிரிக்கவில்லை. மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நேத்தும் ஓடுச்சு ரெமே. நீ யாவாரத்துக்குப் போன பெறகுதான் ஓடுது. பொய் சொல்ல மாட்டேன், நான் வாளி வச்சுப் புடிச்சு செடிக்கு ஊத்தினேன். ஆனா மத்தவங்க கண்ணுல படுறதுக்கு முன்னாடி என்னன்னு பாரு.”

அவள் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். தெருவின் சரிவில், சிமெண்ட் வெடிப்புகளில், ஈரம் ஒரு கோடாகக் கீழே இறங்கிப் போயிருந்தது. மழை நின்று வாரங்கள் ஆகிவிட்டன. வேறு எங்கிருந்தும் அந்த ஈரம் வந்திருக்க முடியாது. பகலில் வீட்டில் இருப்பது என் கணவர் ஃபிதென்சியோ மட்டும்தான்.

ஃபிதென்சியோவைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் குளியலறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் டைல்ஸ் போடும் கொத்தனார். மெக்சிகோ நகரத்தின் மேற்குப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் ஆயுசெல்லாம் குளியலறை கட்டியவர். அங்கெல்லாம் தண்ணீர் விழும் சத்தம் கேட்பதற்காகவே தண்ணீரை விழ விடுவார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். இங்கே, இஸ்தபலாபா மலைச்சரிவில், குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வரும். எந்த நாள் என்று அதற்கே தெரியாது. வந்தாலும் புளி கரைத்த நிறத்தில்தான் வரும். மற்றபடி தண்ணி லாரிதான். லாரிக்காரன் மனசு வைத்தால் நம் தெரு, இல்லாவிட்டால் அடுத்த தெரு. அதனால் ஃபிதென்சியோ அந்த வீடுகளில் மீந்த டைல்ஸ்களை மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து, ஒன்றோடொன்று சேராத நிறங்களில், எங்களுக்கு ஒரு குளியலறை கட்டினார். ஒரு சொட்டு வீணாகாத குளியலறை.

ஷவருக்கு அடியில் ஒரு வாளி. வெந்நீர் வரும்வரை விழும் பச்சைத்தண்ணீர் அதில் சேர்ந்து சமையலறைக்குப் போகும். கை கழுவும் தொட்டியின் தண்ணீர் நேராகக் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டிக்குள்ளேயும் மணல் நிரப்பிய ஒரு பாட்டில், அதன் அளவுக்குத் தண்ணீர் மிச்சம். கூரையில் விழும் மழை முழுவதும் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, குளித்த தண்ணீர். அது தரையோடு ஓடி, மணலும் சிவப்பு எரிமலைக்கல்லும் அடுக்கிய ஒரு பெட்டி வழியாகப் போய், வெளி நடையில் இருந்த நீல டிரம்மில் விழும். ஃப்ளஷ் தொட்டியில் போதாதபோது கழிப்பறைக்கு அதிலிருந்துதான் மொண்டு ஊற்ற வேண்டும். டிரம்மின் வெளிப்பக்கத்தில் அவர் பெயிண்டால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். தண்ணீரின் நிழல் அந்தக் கோட்டைத் தொட்டால் ஒருவர் குளித்தது போதும் என்று அர்த்தம். ஷவரின் வால்வை உள்ளே வைக்கவில்லை, டிரம்முக்குப் பக்கத்தில், நடையில் வைத்தார். குளிக்கிறவர் கையில் வால்வைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் ஏமாற்றுவார்கள் என்பது அவர் எண்ணம். என்னைக்கூட அவர் நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

ஆக, எங்கள் வீட்டில் குளியல் என்றால் இப்படி. நீங்கள் உள்ளே. ஃபிதென்சியோ வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து டிரம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோடு வந்ததும் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குள் சோப்பைக் கழுவிக்கொண்டுவிட வேண்டும். பிறகு வால்வு மூடும். நானும் என் மகள் மாரிக்ரூஸும் படைவீரர்கள் மாதிரி குளிக்கப் பழகிவிட்டோம். அவள் கல்யாணமாகிப் பியூப்லா ஊருக்குப் போன பிறகும் அந்த வேகம் போகவில்லை என்று மாப்பிள்ளை கேலி செய்வார். மகன் உரியேல்தான் பழகவில்லை. அவனுக்குத் தோள்வரை முடி. சோப்புப்பெட்டியால் உள்ளேயிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு தட்டுவான். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். ஃபிதென்சியோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வால்வை ஒரு கால் திருகு திறந்துவிடுவார். மறுபடி மூடுவார். அவன் மறுபடி தட்டுவான். அப்பனும் மகனும் பேசிக்கொண்டதைவிட அந்தச் சுவரில் தட்டிக்கொண்டதுதான் அதிகம். நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் அவன் தட்டினான், அவர் திறக்கவில்லை.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதல்நாள் தண்ணி லாரி எங்கள் தெருவை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஃபிதென்சியோ லாரிக்காரனோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். உரியேலுக்கு அன்றைக்கு ஒரு ஓட்டல் சமையலறையில் வேலைக்கு முதல் நாள். தலைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டுவிட்டான். கோடு வந்தது. இவர் தட்டினார், மூடினார். அவன் தட்டினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினான். இவர் டிரம்மைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவன் நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். முடி விறைத்து நின்றது. “உங்க தண்ணிய நீங்களே பத்திரமா வச்சுக்கங்கப்பா” என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். சோப்பு மணந்தது. நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனான். கீழே பெரிய சாலை வளைவில் ஒரு மணல் லாரி. அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சவப்பெட்டியில் முகத்துக்கு நேரே கண்ணாடி வைத்து மூடித்தான் எங்களிடம் கொடுத்தார்கள். முடியை வாரிவிட்டிருந்தார்கள். முகத்தில் ஏதோ பூசியிருந்தார்கள், கல்யாண மாப்பிள்ளை போல இருந்தான். ஆனால் காதுக்குப் பின்னால், கழுத்தோடு முடி சேரும் இடத்தில், காய்ந்த சோப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை யாரும் பார்த்துத் துடைக்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஃபிதென்சியோவும் பார்த்தார். பெட்டியை ஒரு நிமிஷம் திறக்கச் சொல்லி அதைக் கொண்டுவந்த ஆளிடம் கேட்டார். திறக்கக் கூடாது என்று அவன் தன்மையாகத்தான் சொன்னான். ஃபிதென்சியோ கைக்குட்டையை எச்சிலில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய தங்கை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி முழுக்க வீடு நிறைய ஜனம். காபி, இலவங்கப்பட்டை மணம், ஜெபம். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, இவ்வளவு கூட்டத்துக்கும் தண்ணீர் பஞ்சமில்லாமல் இருக்கிறதே, என்ன அருமையான ஏற்பாடு என்று ஃபிதென்சியோவின் தோளைத் தட்டிப் பாராட்டினார். இவர் விலுக்கென்று எழுந்து நடைக்கு ஓடினார். டிரம் காலி. உரியேல் கடைசியாகக் குளித்த தண்ணீரை எங்கள் உறவும் அக்கம்பக்கமும் மொண்டு மொண்டு கழிப்பறையில் ஊற்றித் தீர்த்திருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதற்காகத்தானே அந்த டிரம்மை வைத்தது. அவர் டிரம்மைச் சாய்த்து, தலையை உள்ளே விட்டு, அப்படியே இருந்தார். நான் போய்க் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் அவரிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். உன் மேல் தப்பில்லை. பாதிரியார் சொன்னார், தங்கை சொன்னாள், மாரிக்ரூஸ் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள், மோட்டார் சைக்கிள் ஓட்டிய அந்த நண்பனே, காலில் கட்டுப் போட்டபடி வந்து சொன்னான். அவர் எல்லாருக்கும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சொல்லவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னால்தான் அவருக்கு அது கணக்கில் சேரும் என்பதும் தெரியும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், சோப்புப்பெட்டி சுவரில் பட்ட சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்து, மறுபடி பட்ட சத்தம். நான் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்ப்பேன். சமைத்துப் போட்டேன், துணி துவைத்துக் கொடுத்தேன், ஒரே கட்டிலில் படுத்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை.

அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். குளிப்பதையும் நிறுத்தினார். ஈரத்துணியால் மார்பையும் அக்குளையும் துடைத்துக்கொள்வதோடு சரி. தலையில் தண்ணீரே படவில்லை. ஷவருக்குக் கீழே அவர் நின்று நான் பார்க்கவே இல்லை. அவருக்கு இனி எதிலும் ஆசையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயோ அக்கா சொன்ன மறுநாள், மெட்ரோ வாசலில் சோளமாவுத் தமால் கொழுக்கட்டைப் பானையைப் பாதி விற்றதோடு மூடிவிட்டு முன்னதாகவே வந்தேன். வாசல் கதவைத் திறக்கும்போதே கேட்டது. ஷவர். ஓங்கி, முழு வேகத்தில், இந்த வீட்டில் நான் என்றுமே கேட்டிராத வேகத்தில். பணக்கார வீட்டுச் சத்தம். நடைக்குப் போனேன். டிரம் சிவப்புக் கோட்டைத் தாண்டி, வாய்வரை நிரம்பி, வழிந்து கழிவுக் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபிதென்சியோ முக்காலியில் உட்கார்ந்து ஒரு கையை வால்வின் மேல் வைத்திருந்தார், காதைச் சுவரில் ஒட்டியிருந்தார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நான் ஓடிப்போய்த் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. வெறும் தரையில், சேராத நிறங்களின் மேல், தண்ணீர் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. கொடியில் ஒரு துண்டு தொங்கியது. சோப்புப்பெட்டி காலி.

எங்கள் பக்கம் கல்யாணமான மறுநாளே புருஷன் கிழவன், பெண்டாட்டி கிழவி. இருபது வயதிலேயே அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். இப்போது உண்மையிலேயே கிழவனாகத் தெரிந்தார்.

“கெழவா, என்ன பண்ற?”

“தட்டுறான்.”

“கொழாயில காத்து. லாரித் தண்ணி ஏத்தினா எப்பவும் இந்தச் சத்தம் வரும்னு நீதான எனக்கே சொன்ன.”

அவர் வால்வை மூடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. “காத்துன்னா தட்டிட்டுப் போயிரும். இவன் தட்டிட்டு நான் என்ன செய்றேன்னு காத்திருக்கான். தலைல சோப்பு காஞ்சா எரியும் கெழவி. கண்ணுல எறங்கும்.”

நான் அவர் கையைத் தட்டிவிட்டு வால்வை மூடினேன். சத்தம் நின்றது. நின்றதும் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது போல் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அன்றைக்குத் திறக்காதவன் இன்றைக்குத் திறந்து என்ன லாபம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே தொட்டி காலியானது. குழாயிலும் வரவில்லை, லாரியும் வரவில்லை. குழாய்களுக்குள் தண்ணீரும் இல்லை, அது தள்ளும் காற்றும் இல்லை. ஃபிதென்சியோ சாயோ அக்காவிடம் இரண்டு வாளி கடன் கேட்கப் போயிருந்தார். நான் சமையலறையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு. மெதுவாக, பிளாஸ்டிக் சோப்புப்பெட்டி டைல்ஸில் படும் சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். மறுபடி இரண்டு. நடைக்குப் போனேன். வால்வில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. திருகினால் எதுவும் வராது என்று தெரியும். இருந்தும் ஒரு கால் திருகு திருகினேன். குழாய் பெருமூச்சு விட்டது. பிறகு ஒன்றும் இல்லை. அவர் வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டதும் அவசரமாக மூடிவிட்டு, மிளகாய்ப் புகையென்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையும் பிறகு வால்வையும் பார்த்தார்.

தண்ணி லாரி வந்த அன்று தெருவே திரண்டு நின்றது. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடிய விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முன்பெல்லாம் இந்த ஃபிதென்சியோதான் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், பல் விளக்கும்போது குழாயை மூடு, துவைத்த தண்ணீரைக் கொட்டாதே என்று உபதேசம் செய்தவர். எதிரிலேயே கைதட்டிச் சிரிப்பார்கள், ஆனாலும் அவர் சொன்னபடி செய்வார்கள். இப்போது கார் கழுவும் அந்தத் தடியன் வரிசையில் பின்னால் நின்று, “ஃபிதென்சியோ ஐயா, உங்க செவப்புக் கோட்டுல பெயிண்ட் உதிர்ந்துருச்சா? நான் வேணா அடிச்சுத் தரவா?” என்றான். ஒருத்தர் இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபிதென்சியோ தரையைப் பார்த்தபடி நின்றார். சாயோ அக்கா திரும்பி அவனை ஒரு முறை முறைத்தாள். சிரிப்பு அடங்கியது. ஆனால் எங்கள் தொட்டிக்குக் குழாயைப் போடும்போது யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. லாரிக்காரன்கூட, நிரப்பிக்கொண்டே, இது உங்களுக்கு எத்தனை நாளைக்கு என்று கேட்டான்.

அக்டோபர் கடைசி வாரம் மாரிக்ரூஸ் பியூப்லாவிலிருந்து வந்தாள். வந்த அன்றே எல்லாம் தெரிந்துகொண்டாள். தண்ணீர் வீணாவதைவிட அப்பாவின் நாற்றம்தான் அவளை உடைத்தது. குழாய்க்காரனைக் கூப்பிட்டு வால்வைக் கழற்றி உள்ளே மாற்றிவிடலாம் என்றாள். அவர் கையைக் குறுக்கே நீட்டி நடையில் நின்றுகொண்டார், தள்ளிவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. அப்புறம் அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள், இறந்தவர்களின் நாள் முடிந்ததும் அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போவதாக. அங்கே தண்ணீர் தினமும் வருமாம், வீட்டில் வால்வு உள்ளேயே இருக்குமாம், டாக்டரும் பக்கமாம். நீங்களும் வாங்களேன்மா என்றாள். நான் வியாபாரத்தை விட்டு எப்படி வருவது என்றேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

“அப்பா போனா நீங்க ரெண்டு பேரும் திரும்பச் சேர மாட்டீங்க. எனக்குத் தெரியும். நீங்க அவர்கிட்ட ஒருவாட்டி சொல்லிட்டா என்னம்மா?”

“என்ன சொல்ல?”

“நடிக்காதீங்க.”

நான் சோளத்தை ஊறவைக்கப் போனேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அவருடைய ஒரு சின்னப் பெட்டி தயாராக நின்றது. சட்டைகள் மடித்து உள்ளே போயின. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்குவதைப் பார்த்தபோது, எனக்கு எதற்கோ பயமாக இருந்தது. அவர் போவது எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வேண்டாம் என்றுதான் பட்டது.

இறந்துபோனவர்களில் மற்றவர்களெல்லாம் நவம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் வீடு தேடி வருவார்கள். விபத்தில் போனவர்கள் அவர்களுக்கு முன்னாலேயே, அக்டோபர் இருபத்தெட்டில் வந்துவிடுவார்கள். வழியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தடுமாறி வருவார்களாம், அதனால் தெருவிலிருந்தே துலுக்கச் சாமந்தி இதழைத் தூவிப் பாதை காட்ட வேண்டும். அன்று காலையில் மாரிக்ரூஸ் பாதை போட்டாள். முன்னறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, உரியேலின் படம், ரொட்டி, உப்பு, மெழுகுவத்தி, அவனுக்குப் பிடித்த மோலே குழம்பு ஒரு கிண்ணம், தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று நான் அடுக்கினேன். மேஜைக்குக் கீழே, வந்ததும் வழித் தூசியைக் கழுவிக்கொள்ள, ஒரு எனாமல் பேசின், நிறையத் தண்ணீர், புதுத் துண்டு, ஒரு கட்டிச் சோப்பு. என் மாமியார் செத்த வருஷமும் இப்படித்தான் வைத்தோம். வைக்கும்போது நான் எதையும் யோசிக்கவில்லை, கை தானாக வைத்தது.

ஃபிதென்சியோ உள்ளேயிருந்து வந்தார். எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். குனிந்து அந்தச் சோப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இது வேணாம். அவன்கிட்ட இருக்கு. தண்ணி மட்டும் வை.”

மாரிக்ரூஸ் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். நான் நின்றேன். எட்டு மாசமாக அடைத்துக்கிடந்தது அப்போதுதான் எனக்குள் பொங்கியது. அது இரக்கம் என்று சொன்னால் பொய். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அவனுக்குச் சோப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய நீ யார்? அன்றைக்கும் நீதான் முடிவு செய்தாய், இன்றைக்கும் நீதானா? அவர் பைக்குள் கையை விட்டுச் சோப்பைப் பிடுங்கினேன். இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பிடித்து நடை வழியாகக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“வா. அவன் வர்ற நாளு. இந்த நாத்தத்தோட நின்னா அவனுக்கு அப்பன் யாருன்னு அடையாளம் தெரியுமா?”

அவர் தடுக்கவில்லை. குழந்தை மாதிரி வந்தார். சட்டையைக் கழற்றினேன், வாளியில் இருந்த தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினேன், அவர் உடம்பு குலுங்கியது. முடி எண்ணெய்ப் பிசுக்கோடு சிக்கலாக இருந்தது. சோப்பை உரசி உரசிப் போட்டேன். முதலில் நுரையே வரவில்லை, சாம்பல் நிறத்தில் ஒழுகியது. மறுபடி போட்டேன். வெளுத்து நுரைத்தது. காதுகளுக்குப் பின்னால், கழுத்துக்குழியில், நகத்தால் தேய்த்தேன். வலித்திருக்கும். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, கையைத் தொங்கவிட்டு நின்றார். வாளி காலியாகிவிட்டது. நான் கதவைத் திறந்தே விட்டுவிட்டு நடைக்குப் போய், முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, வால்வைப் பிடித்தேன்.

திறக்கத்தான் போனேன். ஆண்டவன் சத்தியமாகத் திறக்கத்தான் போனேன். ஆனால் கை பிடித்த இடத்திலேயே நின்றுவிட்டது. அங்கேயிருந்து பார்த்தால் அவர் பாதி தெரிந்தார். ஒல்லியான முதுகு, நுரை மூடிய தலை, டைல்ஸில் கூசி மடங்கிய கால் விரல்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஒரு திருகு போதும். மூடின வால்வைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது இத்தனை சுலபம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குக் கல்நெஞ்சு வேண்டாம், வெறுப்பு வேண்டாம், காலையிலிருந்து ஒரு எரிச்சல் இருந்தால் போதும்.

தெருவில் எங்கோ வெடி போட்டார்கள். யார் வீட்டுக்கோ அவர்களுடைய செத்தவர் வந்து சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். ஃபிதென்சியோ அசையவில்லை. நுரை நெற்றியிலிருந்து இறங்கி இமை மேல் வந்துவிட்டது. எரிந்திருக்கும், முகம் சுளித்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கவில்லை. தண்ணீர் எங்கே என்று கேட்கவில்லை. என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், சொன்னார்.

“இப்படித்தான் நின்னிருப்பான்.”

எட்டு மாசமாக வராத வார்த்தை இப்போதும் வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

“தட்டு” என்றேன்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார், கண்ணைத் திறக்காமல்.

“தட்டு கெழவா. நான் இங்கதான் நிக்கிறேன்.”

அவருடைய வலது கை மெதுவாக இடுப்பிலிருந்து எழும்பியது, முழங்கையிலிருந்து நுரை சொட்டியது. தன் கையாலேயே கட்டின சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. விரலை மடக்கிக்கொண்டு காற்றில் தடவியது, இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். சுவருக்கும் அந்த விரல்களுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.